நுரை இல்லாத பாட்டில்

அந்த ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், நடை முடிகிற மூலையில், ஒரு ஆளின் முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு சன்னல். சன்னலுக்கு அந்தப் பக்கம் லேப். இந்தப் பக்கம் வரிசை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சன்னலில் தெரிந்தது ஒரே முகம்தான். பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பேர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்றபடி நர்ஸிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் அவனைக் கூப்பிட்டது ‘பாருங்க அண்ணே’ என்று.

காரணம் இல்லாமல் இல்லை. யார் வந்து எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து வருவது ஒரே வாசகம்.

“ரிசல்ட் எப்படிங்க இருக்கு?”

“டாக்டரைப் பாருங்க.”

“பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே?”

“டாக்டரைப் பாருங்க.”

கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்ட ஒருத்தரிடமும் இதையே சொன்னான் என்று நர்ஸுகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் அதை மறுத்ததுமில்லை, ஒத்துக்கொண்டதுமில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் இப்படி இல்லை. நன்றாகப் பேசுகிற பையன்தான். ஒரு நாள் வயசான ஒருத்தர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நல்லதா ஒரு வார்த்தை சொல்லேன்” என்றார். ரிசல்ட்டில் இருந்த எண்ணைப் பார்த்தான். சர்க்கரை சரியாக இருந்தது. “நல்லா இருக்குங்க, தைரியமா போய்ட்டு வாங்க” என்றான். அவரும் போய்விட்டார், டாக்டரிடம் இல்லை, நேராக வீட்டுக்கு. டாக்டர் தேடிக்கொண்டிருந்தது சர்க்கரையை இல்லை, வேறொன்றை. மூன்றாம் மாதம் மனுஷனை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு நாலு திட்டுத் திட்டியிருந்தாலும் தேவலையாக இருந்திருக்கும். அன்றைக்கு வாயைத் தைத்துக்கொண்டவன்தான். சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் எண்ணை எழுதலாம், எண்ணுக்கு அர்த்தம் சொல்லக் கூடாது. இது அவனே அவனுக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை ஒரே ஒருத்திக்காக மீறினான். அது அவனுடைய அக்கா.

அக்கா அவனுக்குப் பத்து வயசு மூத்தவள். முப்பது வருஷமாக ஒரு லாண்டரியில் வேலை. ஓட்டல் விரிப்புகள், மேசைத் துணிகள், ஆபீஸ்காரர்களின் சட்டைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கறை எடுக்கும் மேசை அவளுடையது. ஒரு சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். “இது பேனா மை. இது இரும்புத்துரு. இது புருஷன் பெண்டாட்டி சண்டை.”

“சண்டை எப்படிக்கா தெரியும்?”

“பட்டன் தானா விழுந்தா நூல் தொங்கும்டா. புடிச்சு இழுத்தா துணியே கிழியும். பாரு.”

கறை என்றால் அவளுக்கு ஆகாது. கறையோடு ஒரு பொருள் தன் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்குப் போனால் அன்றைக்குத் தூக்கம் வராது. அவள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்க முடியாது. வைப்பதற்குள் வாங்கிக்கொண்டு போய்க் கழுவிவிடுவாள். “கழுவின டம்ளரையே திரும்பக் கழுவற ஜென்மம்” என்பாள் அவன் மனைவி, பிரியமாகத்தான். அக்காவின் புருஷன் இளவயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகி எங்கோ தூரத்தில். தம்பி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் ஒற்றை அறையில் அக்கா தனியாக இருந்தாள். அந்த அறையின் தரையில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும்.

“நான் ஊர் அழுக்கைத் துவைக்கறேன், இவன் ஊர் அழுக்கை மைக்ராஸ்கோப்புல வச்சு வச்சுப் பாக்கறான். எங்க அப்பா அம்மா நல்லாத்தான் பெத்து வச்சாங்க” என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த அக்கா தம்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“டேய், உனக்கு முப்பத்துமூணு வயசுலயே சுகர் வந்துடுச்சு. எனக்கும் இருக்கும்டா. ஒரே அசதியா இருக்கு. சாயந்திரமானா கால் வேற வீங்குது.”

“நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்தா யாருக்குத்தான் வீங்காது?”

“இல்லடா, எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை...”

“டாக்டர் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?”

ஊரையெல்லாம் டாக்டரிடம் அனுப்பியவன் சொன்ன பதில் இது. மனசாரத்தான் சொன்னான். அக்காவை வரிசையில் நிற்கவிட அவனுக்கு மனசு வரவில்லை. அவளுக்கு ஒரு உபகாரம் செய்கிறோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

லேப்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வீட்டு மனுஷர்கள் என்றால் ரிஜிஸ்டரில் ஏற்ற மாட்டார்கள். பாட்டில் மூடியில் மார்க்கர் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. அன்றைய கூட்டமெல்லாம் முடிந்தபிறகு கடைசியாக அதைப் போடுவார்கள். எண்ணும் இல்லை, பேரும் இல்லை, காகிதமும் இல்லை. வாயால் கேட்டது, வாயால் சொல்வது.

அக்கா காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தாள். கூடவே காகிதத்தில் சுற்றி ஒரு பாட்டிலும் கொடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தபடி ஓடிவிட்டாள். மத்தியானம் போட்டுப் பார்த்தான். சர்க்கரை இல்லை. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் சிறுநீரில் ஸ்ட்ரிப்பை முக்கினான். ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைப் பட்டை, அதில் பத்துச் சின்னச் சதுரம். ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொன்றைச் சொல்லும். புரதத்துக்கான சதுரம் மஞ்சளாகவே இருக்க வேண்டும். பச்சையாகிவிட்டது. லேசான பச்சையும் இல்லை.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தான். மேலே ஒரு விரற்கடை நுரை.

நுரைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. கிட்னி, உடம்பில் நிறுத்த வேண்டிய புரதத்தை வெளியே விடுகிறது என்பது ஒன்று. பாட்டிலில் சோப்பு ஒட்டியிருக்கிறது என்பது இன்னொன்று. சோப்பு பட்டாலும் அந்தச் சதுரம் பச்சையாகும், இது லேபில் எல்லாருக்கும் தெரியும். அவன் பாட்டிலை முகர்ந்தான். லாண்டரித் தூளின் வாசனை குப்பென்று வந்தது. அந்தப் பழைய மருந்து பாட்டில், லேபிள் சுரண்டி, அடிமுதல் நுனிவரை தேய்த்து, கடையில் வைத்து விற்கலாம் என்கிற மாதிரி பளபளத்தது. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உடனே போன் போட்டான்.

“அக்கா, பாட்டிலை எதைப் போட்டுக் கழுவின?”

“கடைத் தூள்தான்டா. ராத்திரியே ஊற வச்சிட்டேனே.”

“உன் மூத்திரத்தை வெள்ளாவி வச்சு அனுப்பியிருக்க. இங்க நுரை பொங்குது! நாளைக்கு நான் புது டப்பா தரேன், அதுல கொண்டு வா. தயவுசெஞ்சு அதைக் கழுவாத.”

‘வெள்ளாவி வச்ச மூத்திரம்’ என்பது அந்த வாரம் முழுக்க வீட்டில் வேடிக்கை. மனைவியிடம் சொன்னான், லேபில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னான். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போது அவள் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டதை அவன் கவனிக்கவில்லை. தம்பியாகவே இருந்தாலும் ஆம்பளை. அவன் கையில் அந்தப் பாட்டில் இருந்ததும், நாலு பேர் சிரித்ததும் அவளுக்கு என்னவோபோல் இருந்திருக்கிறது.

மறுநாள் புது டப்பா வந்தது. தெளிந்த வெளிர் நிறம். நுரையின் சுவடே இல்லை. ஸ்ட்ரிப்பை முக்கினான். புரதம் மஞ்சளாகவே நின்றது. அவன் பார்க்க வேண்டியிருந்ததும் அதைத்தான், பார்த்ததும் அதைத்தான். மிச்ச சதுரங்களை யார் பார்க்கிறார்கள்?

“ஒண்ணுமில்லக்கா, நல்லா இருக்க. உனக்கு சுகரும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல.”

கால் வீக்கத்துக்கு அவனே போய், மெத்தென்று இருக்கிற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தான். வேலையிடத்தில் அதைத்தான் போட்டுக்கொண்டு நின்றாள். “என் தம்பி லேபுல இருக்கான், எனக்கு எந்த வியாதியும் இல்லைன்னு பாத்துச் சொல்லிட்டான்” என்று கறை மேசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாளாம்.

ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

முதலில் கண்டுபிடித்தது மனைவிதான். “உங்க அக்கா மூஞ்சி காலையில பாத்தா உப்பியிருக்கு. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுதாம். எதைத் தின்னாலும் இரும்பை நக்கின மாதிரி இருக்குன்னு சொன்னாங்க. ராத்திரியெல்லாம் உடம்பு அரிக்குதாம். நீங்க போய்ப் பாருங்க.”

போனான். வாசலில் அவன் வாங்கிக் கொடுத்த செருப்பு கிடந்தது. இரண்டின் வார்களும் கத்தரிக்கோலால் பாதிவரை வெட்டப்பட்டிருந்தன.

“என்னக்கா இது?”

“கால் உள்ள போகலடா. நல்ல செருப்பு, தூக்கிப் போட மனசு வரல. அதான் வெட்டிவிட்டுப் போட்டுக்கறேன்.”

அவன் குனிந்து அவள் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். எடுத்தபிறகு குழி அப்படியே நின்றது. குழி நிறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். “நாளைக்கு வா” என்று மட்டும் சொன்னான்.

இந்தத் தடவை ரிஜிஸ்டரில் ஏற்றினான். பேர், வயசு ஐம்பத்துநாலு, எண். ரத்தத்தைச் சுற்றவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்து மெஷினில் வைத்தான். கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்பார்கள், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. மெஷின் எட்டு புள்ளி ஒன்று என்று காட்டியது.

மெஷின் தப்பு என்றான். மெஷினுக்குப் போடுகிற மருந்தை மாற்றினான். கம்பெனி கொடுக்கிற, விடை தெரிந்த பாட்டிலைப் போட்டுச் சரிபார்த்தான். சரியாகக் காட்டியது. அக்காவின் ரத்தத்தைத் திரும்பப் போட்டான். எட்டு புள்ளி ஒன்று. வெளியே போய் இன்னொரு கையில் ரத்தம் எடுத்தான்.

“என்னடா, காலையில எடுத்தது பத்தலையா?”

“கொஞ்சம் கம்மியாப் போச்சுக்கா.”

எட்டு புள்ளி இரண்டு. எத்தனையோ ஆயிரம் பேரின் எண்ணை அவன் எழுதியிருக்கிறான். எட்டு எழுதியிருக்கிறான், பன்னிரண்டு எழுதியிருக்கிறான். ஒரு எண்ணையும் எழுதத் தயங்கியதில்லை. இன்று பேனா மூடியைக் கழற்றவே நேரமாயிற்று.

நடையிலிருந்த பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றான்.

“டாக்டரைப் பாருக்கா” என்றான்.

அக்கா பக்கென்று சிரித்தாள். “என்கிட்டயேவாடா? ஊருக்குச் சொல்றதையெல்லாம்...” என்று ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கிட்னி டாக்டர் நடுவயசுக்காரர், பெண், நிதானமாகப் பேசுகிறவர். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், காலை அழுத்திப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். பிரஷர் அவனே பயப்படுகிற அளவுக்கு இருந்தது. “இது எத்தனை நாளா இருக்குன்னு தெரியணும். புதுசா வந்ததுன்னா காப்பாத்திடலாம். பழசுன்னா வேற மாதிரி. ஸ்கேன் எடுங்க. ஒரு நாள் முழுக்கப் போற யூரினைச் சேர்த்துக் கொண்டு வாங்க. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

புதுசா, பழசா. அன்றிலிருந்து அவன் மூச்சு விட்டது அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான். புதுசாகத்தான் இருக்கும் என்று மனைவியிடம் சொன்னான். “ஒன்றரை வருஷம் முன்னாடி நானே பாத்தேனே, புரதமே இல்லையே! அப்படின்னா நடுவுலதான் வந்திருக்கணும். புதுசுதான்.” சொல்லச் சொல்ல அவனுக்கே தைரியம் வந்தது. அந்த நுரையில்லாத டப்பாவைத்தான் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அஞ்சு லிட்டர் கேன் ஒன்றை அக்காவிடம் கொடுத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வது மாதிரி விளக்கினான். “காலையில எழுந்ததும் முதல்ல போறதைக் கொட்டிடு. மணியைப் பாத்துக்கோ. அதுக்கப்புறம் மறுநாள் அதே மணி வரைக்கும் ஒரு சொட்டு விடாம இதுல ஊத்தணும். வெளியில போகாத.”

“அப்ப வேலைக்கு?”

“லீவு சொல்லு.”

“முப்பது வருஷத்துல மூத்திரம் புடிக்க லீவு போட்டவ நான் ஒருத்திதான்டா இருப்பேன்” என்றாள். மனைவி சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான்.

மறுநாள் காலை வரிசை நீளமாக இருந்தது. அக்கா வரிசையிலேயே நின்று வந்தாள். கேனை, தேய்த்து மடித்த வெள்ளைத் துணியால் போர்த்தியிருந்தாள். தூக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். சன்னல் பலகையில் வைத்துத் துணியை விலக்கினாள். நுரை கேனின் தோள் வரைக்கும் நின்றது.

“உள்ளது உள்ளபடி கொண்டாந்திருக்கேன்டா. இந்தத் தடவை ஒரு சொட்டுத் தண்ணி கலக்கல. சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கோ” என்றாள் மெதுவாக.

“இந்தத் தடவைன்னா?”

“அதான்... முன்னாடி நீ கிண்டல் பண்ணினியே, வெள்ளாவின்னு. மறுநாள் உன் டப்பாலதான் புடிச்சேன். நீ சொன்ன மாதிரி கழுவவே இல்ல. அப்பவும் அதே நுரைடா. திரும்ப உன் கையில அதை எப்படிக் குடுக்கறதுன்னு இருந்துச்சு. நாலு பேர் பாக்கற இடம் வேற. அடியில கொஞ்சூண்டு விட்டுட்டு மிச்சத்தைக் கொட்டிட்டுக் குழாய்த் தண்ணியைப் புடிச்சேன். அலசின மாதிரி பளிச்சுன்னு ஆயிடுச்சு.” அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தாள். “உனக்குக்கூடத் தெரியல பாரு!”

பின்னால் நின்றவர் முண்டினார். அக்கா நகர்ந்து வழிவிட்டாள். அடுத்தவர் பாட்டிலை நீட்டினார். அவன் வாங்கினானா, பேர் எழுதினானா, ஒன்றும் நினைவில்லை.

பத்துச் சதுரங்களில் ஒன்று, சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும். அன்றைக்கு அது என்ன நிறத்தில் இருந்தது என்று இப்போது அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கருநீலம். வெறும் குழாய்த் தண்ணீரில் முக்கினால் வருகிற நிறம். கண் பார்த்திருக்கிறது, மனசு பார்க்கவில்லை. வேறு யாருடைய பாட்டிலாக இருந்தாலும் “என்னங்க, தண்ணி கலந்திருக்கீங்களா?” என்று சன்னல் வழியாகவே கேட்டிருப்பான். ரிஜிஸ்டரில் ஏறியிருந்தால் சாயந்திரம் இன்னொருத்தர் சரிபார்த்திருப்பார். எண் இல்லாத பாட்டில், பெருக்கல் குறி போட்ட பாட்டில், கடைசியாகப் போட்ட பாட்டில். எல்லாருக்கும் கிடைத்த காவல் அவன் அக்காவுக்கு மட்டும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவள் அவனுடைய அக்கா. அவன் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதான்.

அப்புறம் வந்து, கேனில் இருந்ததை அளந்து, சோதித்து, எழுதினான். ஒரு நாளில் இவ்வளவு புரதம் போனால் உடம்பில் என்னதான் மிச்சம் இருக்கும்?

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே டாக்டர் பேசினார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் கறை பார்க்கும்போது இப்படித்தான் கண்ணை இடுக்கிக்கொள்வாள்.

“ரெண்டு கிட்னியும் சுருங்கியிருக்கும்மா. பத்து சென்டிமீட்டர் இருக்கணும். ஏழுதான் இருக்கு. இது பழசு. சத்தமில்லாம ரொம்ப நாளா நடந்திருக்கு.”

“ஊசி போட்டு சதை எடுத்துப் பாத்தா என்ன காரணம்னு தெரியுமே, மேடம்?” என்றான் அவன். தன் குரல் கெஞ்சுவது அவனுக்கே கேட்டது.

“இப்ப எடுத்துப் பிரயோஜனம் இல்லைங்க. தழும்புதான் இருக்கும். ஒரு ஒன்றரை, ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா எடுத்திருக்கலாம். மருந்தும் இருந்திருக்கும். இனிமே டயாலிசிஸ்தான், வாரத்துக்கு மூணு நாள்.”

“என் கிட்னியை எடுத்துக்குங்க மேடம். ரத்த வகைகூட ஒண்ணுதான், நானே பாத்திருக்கேன்.”

“உங்களுக்கு சுகர் எத்தனை வருஷமா?”

“பதினொண்ணு.”

சுகர் இருக்கிறவர் கொடுக்க முடியாது என்று டாக்டர் தலையை ஆட்டினார். மற்றவர்கள் கொடுக்கிற கிட்னிக்குக் காத்திருக்கிற வரிசையில் பேரைப் பதியலாம், வரிசை நீளம் என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். “முன்னாடி எப்பவாவது யூரின் டெஸ்ட் பண்ணியிருக்கீங்களாம்மா?”

“பண்ணினேங்க. ஒன்றரை வருஷம் இருக்கும். இவன்தான் பாத்தான். நல்லா இருக்குன்னான்.” அந்தப் பழைய பெருமை இன்னும் குரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“புரதம் இல்லையா? ஆச்சரியமா இருக்கே. அந்த ரிப்போர்ட் இருக்கா?” என்று டாக்டர் அவனைப் பார்த்தார்.

“இல்லைங்க மேடம்” என்றான். டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவே மாட்டார்கள். இவனுக்கு வாய்த்த தலையெழுத்து அது.

“அதுங்க, அன்னிக்கு நான்...” என்று அக்கா ஆரம்பித்தாள்.

“கிளம்பலாம்க்கா” என்று அவள் கையைப் பிடித்து எழுப்பினான்.

நடையில் அவளால் வேகமாக நடக்க முடியவில்லை. வெட்டின செருப்பு தரையில் டப் டப் என்று அடித்தது. லேப் சன்னலுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். மதிய இடைவேளை, வரிசை இல்லை. அவன் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, அவள் எழுந்து வந்து சன்னலின் இந்தப் பக்கம் நின்றிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லா நோயாளிகளும் அந்தக் கம்பியை அப்படித்தான் பிடிப்பார்கள்.

“டேய், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தம்மா சொன்னாங்களே, ஒன்றரை வருஷம்னு. அன்னிக்கு நான் தண்ணி ஊத்தினதாலதான் தெரியாமப் போச்சா?”

இந்தச் சன்னலில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவனுக்குப் பதில் மனப்பாடம். டாக்டரைப் பாருங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டாக்டரிடம் போனால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். நீ ஊற்றின தண்ணீர் பாதி, நான் பார்க்காத சதுரம் பாதி என்று இவனே சொல்லலாம். சொன்னால் இவன் பாரம் கொஞ்சம் இறங்கும். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் மெஷினோடு படுத்திருக்கப் போகிறவள், அந்த மூன்று நாளும் குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொண்டு கிடப்பாள். கறையோடு ஒரு நாள் இருக்கத் தெரியாதவள்.

“இல்லக்கா” என்றான். “கொஞ்சம் தண்ணி சேர்ந்தா எங்களுக்குப் பாத்ததும் தெரிஞ்சிடும். அன்னிக்கு எனக்கும் தெரிஞ்சுது. அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. இது அப்புறமா வந்தது. டாக்டர் ஒரு குத்துமதிப்பாச் சொல்றாங்க.”

“நிஜமா?”

“நிஜமா.”

அக்கா முகத்தில் உப்பியிருந்த வீக்கத்துக்கு நடுவிலும் ஒரு தெளிவு வந்தது. “அப்பாடா. நான் பயந்தே போய்ட்டேன்டா. நான் செஞ்ச வேலையால உனக்கு ஒரு கெட்ட பேர் வந்துடுமோன்னு.”

அவன் அக்காவுக்குச் சொன்ன ரிசல்ட் மொத்தம் இரண்டு. முதலாவது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்னது. இரண்டிலும் வந்தது ‘நல்லா’ என்கிற அதே வார்த்தை. தண்ணீர் டம்ளரைக் கம்பி இடைவெளியில் நீட்டினான்.

இனிமேல் தண்ணீரும் அளந்துதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதை மறக்கவில்லை. இரண்டு வாய் மட்டும் குடித்தாள். பிறகு டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, உள்ளே மேசையின் கீழ் இருந்த காலிக் கேனை எட்டிப் பார்த்தாள்.

“அதைக் குடுடா, கழுவிக் கொண்டாரேன். அழுக்கா வச்சுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது.”

“நாங்க தூக்கிப் போட்டுடுவோம்க்கா.”

“குடுடா. நல்ல கேன்.” கொஞ்சம் தயங்கினாள். “இப்ப சோப்புப் போடலாமில்ல? ஒண்ணும் ஆகாதே?”

அவன் கேனை எடுத்துச் சன்னல் வழியாக அவள் கையில் கொடுத்தான்.

“போடுக்கா” என்றான்.